பழைய போனைக் கொடுத்துவிடாதீர்கள்

வாசகர் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உங்கள் தளத்தை நான்கைந்து வருடங்களாகப் படித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

எனக்கு 69 வயது. கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றேன். தேவகோட்டையில் பூர்வீக வீட்டில் தனியாக இருக்கிறேன். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் போன மாதம் முன்னோருக்குப் போடும் படைப்புக்கு வந்தபோது எனக்கு ஒரு ஐபோன் கொண்டுவந்து கொடுத்தான். விலையைச் சொல்ல மறுத்துவிட்டான். அவன் கிளம்பிய மறுநாள் இங்கே ஒரு கடையில் கொடுத்து, சிம் போட்டு, வாட்ஸ்அப் எல்லாம் ஏற்றி வாங்கிக்கொண்டேன்.

மூன்று வாரம் ஆகிறது. அந்தப் போனைக் கையில் எடுக்கவே மனம் வரவில்லை. இதற்கு முன் ஆறு வருடம் ஆண்ட்ராய்டு வைத்திருந்தேன். எதைத் திறந்தாலும் கீழே ஒரு தட்டுத் தட்டினால் வந்த வழியே திரும்பிவிடலாம். இதில் உள்ளே போனால் வெளியே வர வழி தெரியவில்லை. சிம் ஒன்றுதான் போட முடிகிறது. பேங்க்கில் கொடுத்த நம்பர் பழைய போனிலேயே இருக்கிறது. அதனால் சட்டைப் பையில் இரண்டு போன். தமிழ் விசைப்பலகை வேறு மாதிரி இருக்கிறது. முதல் வாரம் சார்ஜ் சாயங்காலத்துக்குள் இறங்கிவிட்டது. மகனிடம் சொன்னால், "வயசாயிருச்சுல்ல அப்பச்சி, பழகினாச் சரியாயிரும்" என்கிறான். எல்லோரும் ஐபோன்தான் உயர்ந்தது என்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன் இப்படி? உண்மையில் எதுதான் நல்லது?

இன்னொன்று. வாட்ஸ்அப்பில் பழைய செய்திகள் எதுவும் புதிய போனுக்கு வரவில்லை. கடையில் கேட்டதற்கு, அதெல்லாம் வராது என்றார்கள். இரண்டு வருடத்துக்கு முன் காலமான என் மனைவி பேசி அனுப்பியதெல்லாம் அதில் இருந்தது. பேங்க் நம்பர் விஷயம் முடிந்ததும் பழைய போனை அழித்து, வீட்டு வேலைக்கு வருகிறவர் மகளுக்குக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை.

அன்புடன்,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
தேவகோட்டை

பதில்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்களே, அதைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஐபோனா ஆண்ட்ராய்டா என்பதை நிதானமாகப் பேசலாம். பழைய போன் விஷயம் காத்திருக்காது. அதனால்தான் கடிதம் கிடைத்த அன்றே கூப்பிட்டு, அந்தப் போனை யாரிடமும் கொடுக்காதீர்கள், அதிலிருந்து வாட்ஸ்அப்பை நீக்காதீர்கள் என்று சொன்னேன். இதே நிலையில் இன்னும் பலர் இருப்பார்கள். அன்று அவசரத்தில் பாதி சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

உங்கள் மனைவி, ஆச்சி, பேசி அனுப்பியவை எங்கும் போய்விடவில்லை. பழைய போனுக்குள் தனித்தனிக் கோப்புகளாக இருக்கின்றன. போனைக் கேபிள் போட்டுக் கணினியில் இணைத்ததும், திரையின் மேலிருந்து இழுத்தால் ஓர் அறிவிப்பு தெரியும். அதில் 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் கணினியில் போனைத் திறந்து, ஆண்ட்ராய்டு, மீடியா, காம்.வாட்ஸ்அப், வாட்ஸ்அப், மீடியா என்று ஒவ்வொரு கோப்புறையாக உள்ளே போனால், 'வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்' என்று ஒன்று இருக்கும். சில பழைய போன்களில் வாட்ஸ்அப் கோப்புறை இவ்வளவு உள்ளே இல்லாமல் வெளியிலேயே இருக்கும். வாய்ஸ் நோட்ஸுக்குள் வாரத்துக்கு ஒன்றாகச் சிறு கோப்புறைகள். ஆண்டையும் வார எண்ணையும் சேர்த்து எழுதியிருக்கும். 202314 என்றால் 2023-ம் ஆண்டின் 14-வது வாரம். முழுவதையும் கணினிக்கு நகலெடுங்கள். நகல் மட்டும், இடம் மாற்ற வேண்டாம். பிறகு ஒரு பென் டிரைவில் இன்னொரு நகல். படங்களும் வீடியோக்களும் பக்கத்திலேயே தனித்தனிக் கோப்புறைகளில் இருக்கும். அவற்றையும் எடுத்துவிடுங்கள்.

இந்தக் குரல் கோப்புகள் ஓபஸ் என்ற வகையைச் சேர்ந்தவை. விஎல்சி என்ற இலவசச் செயலியில் ஓடும். அது கணினிக்கும் உண்டு, ஐபோனுக்கும் உண்டு. ஒரு சிரமத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கோப்பின் பெயரில் தேதி இருக்கும், பேசியவர் பெயர் இருக்காது. கேட்டுப் பார்த்துத்தான் பிரிக்க முடியும்.

கடையில் "அதெல்லாம் வராது" என்றது பாதிதான் சரி. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் தன் காப்புப் பிரதியைக் கூகுள் டிரைவில் வைக்கிறது. ஐபோனில் ஆப்பிளின் ஐகிளவுட் சேமிப்பில் வைக்கிறது. ஒன்று வைத்ததை இன்னொன்றால் எடுக்க முடியாது. ஆனால் 2022-லிருந்து நேர்வழி ஒன்று இருக்கிறது. 'மூவ் டு ஐஓஎஸ்' என்ற ஆப்பிளின் செயலியைப் பழைய போனில் போட்டு, இரண்டு போனையும் ஒரே வைஃபையில் இணைத்து, இரண்டையும் சார்ஜில் வைத்துவிட்டு மாற்றினால், வாட்ஸ்அப் உரையாடல்களும் சேர்ந்து வரும். வாட்ஸ்அப் எண் இரண்டிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். நிபந்தனை, ஐபோன் புத்தம் புதிதாக, ஒன்றும் ஏற்றாத நிலையில் இருக்க வேண்டும். உங்கள் கடைக்காரர் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். ஆகவே ஐபோனை ஒரு முறை முழுதாக அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அழிக்க வேண்டியது புதியதை. இதை இரண்டு முறை படித்துவிடுங்கள், அண்ணன். இந்த மூன்று வாரத்தில் ஐபோனுக்கு வந்த முக்கியமான படங்களையும் செய்திகளையும் அதற்கு முன் தனியாகச் சேமித்துக்கொள்ளுங்கள், அவை போய்விடும். குரல்களை நகலெடுத்த பிறகுதான் இதையெல்லாம் தொட வேண்டும். வரிசை மாறக் கூடாது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பதிலும் அந்தக் கோப்புறையில்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வளவைச் (நடு முற்றத்தைச்) சுற்றி அறைகள். கல்யாணமான ஒவ்வொரு புள்ளிக்கும் (தனிக் குடும்பத்துக்கும்) ஓர் அறை, சாவி அவரவரிடம். ஆனால் நடுவில் இருக்கும் வளவு எல்லோருக்கும் பொது. ஒருவர் அங்கே வைத்த சாமானை இன்னொருவர் பார்க்கலாம், எடுக்கலாம். ஆண்ட்ராய்டு அப்படிக் கட்டிய வீடு. ஒவ்வொரு செயலிக்கும் பூட்டிய அறை உண்டு, பொது வளவும் உண்டு. வாட்ஸ்அப் தனக்கு வரும் படங்களையும் குரல்களையும் வளவில்தான் வைத்திருக்கிறது. அதனால்தான் கேபிளைச் சொருகி நீங்களே எடுக்க முடிகிறது. ஐபோனில் அந்தப் பொது இடம் மிகச் சிறியது. செயலிகள் தங்கள் பொருளைத் தங்கள் அறைக்குள்ளேயே வைத்துக்கொள்கின்றன. அவை கொடுத்தால்தான் உண்டு. ஐபோனில் வந்த குரல்களை இதே மாதிரி ஒட்டுமொத்தமாகக் கேபிளில் எடுத்துவிட முடியாது.

பூட்டிய அறையால் நன்மை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கல்யாண அழைப்பிதழ் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டில் செயலியை ஏற்றும் கோப்பு, வரும். திறந்து, அது கேட்கும் அனுமதியைக் கொடுத்துவிட்டால், போனுக்குள் ஒரு திருட்டுச் செயலி உட்கார்ந்து பேங்க் ஓடிபி எல்லாம் படித்துவிடும். இப்படிப் பலர் பணம் இழந்ததால் காவல்துறை திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. முகூர்த்த மாதங்களில் நம் பக்கத்தில் நாளுக்கு நான்கு அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில் வருகிறது, எதைத்தான் சந்தேகப்படுவது? ஐபோனில் ஏபிகே திறக்கவே திறக்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே தனியாக இருக்கும் பெரியவர்களுக்குப் பிள்ளைகள் ஐபோன் வாங்கிக் கொடுத்தால் நான் குறை சொல்ல மாட்டேன். உங்கள் மகனின் மனதிலும் இது இருந்திருக்கலாம். ஆண்ட்ராய்டிலும் வெளியிலிருந்து வரும் செயலியை ஏற்றலாமா என்று போன் ஒரு முறை கேட்கத்தான் செய்யும். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போதும்.

இரண்டும் இப்படி ஆனதற்கு அவை பிறந்த விதம் காரணம். ஆப்பிள் 2007-ல் ஐபோனைக் கொண்டுவந்தபோது போனும் அதனுடையது, உள்ளே ஓடும் இயங்குதளமும் அதனுடையது. வெளியார் செயலிகளுக்குக் கடை திறந்ததே அடுத்த ஆண்டு ஜூலையில்தான். கூகுள் 2005-ல் ஆண்ட்ராய்டு என்ற சிறு நிறுவனத்தை வாங்கி, லினக்ஸ் என்ற திறந்த மென்பொருளின் மீது எழுதிய அந்த இயங்குதளத்தை எந்தப் போன் தயாரிப்பாளர் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டது. முதல் ஆண்ட்ராய்டு போன் 2008-ல் வந்தது. அந்த நாளில் சிம்பியன், பிளாக்பெரி போன்ற மற்ற இயங்குதளங்களும் உயிரோடு இருந்தன. 2010-ல் விண்டோஸ் போனும் சேர்ந்தது. இன்று எதுவும் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலையே 2014-ல் மூடிவிட்டது. இப்போது அதே வட்டாரத்தில் ஐபோன் தயாராகிறது. நமக்கு முன்னால் மிச்சமிருப்பவை இரண்டுதான்.

ஆண்ட்ராய்டு என்று ஒரே பெயரில் சொல்கிறோம். ஆனால் அது ஒரே பொருள் இல்லை. கூகுள் கொடுக்கும் தளத்தின் மேல் ஒவ்வொரு நிறுவனமும் தன் மேல்பூச்சைப் பூசுகிறது, தனக்குப் பணம் கிடைக்கும் செயலிகளையும் சேர்த்து ஏற்றி அனுப்புகிறது. நான் சில வருடங்களுக்கு முன் என் ஆத்தாவுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பூட்டிய திரையிலேயே விளம்பரம். யாரோ தனக்கு எழுதியிருப்பதாக நினைத்து ஆத்தா ஒவ்வொன்றாகத் தொட்டுத் திறந்துகொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் அடங்க வெகு நேரமானது. காசு கொடுத்து வாங்கிய பொருளை, அதுவும் எழுபது தாண்டிய ஒருவர் கையில் இருப்பதை, விளம்பரப் பலகையாக ஆக்குவது நியாயமே இல்லை. ஒவ்வொரு அமைப்பாகத் தேடி அணைக்க அரை நாள் பிடித்தது. கூகுளும் தன் பங்குக்குத் தன் செயலிகளை மொத்தமாக ஏற்றச் சொல்லித் தயாரிப்பாளர்களைக் கட்டாயப்படுத்தியது. அதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஐபோனில் இந்த மாதிரி வேறொருவர் கைவைத்த அழுக்கு இருக்காது. அதை அதன் பெரிய தகுதியாகவே நான் நினைக்கிறேன்.

புதிய பதிப்புகள் கிடைப்பதிலும் ஐபோன் வெகு காலம் முன்னால் இருந்தது. 2018-ல் வந்த ஐபோன் எக்ஸ்ஆருக்கு, ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸில் 2024-ல் வந்த 18-வது பதிப்பு வரை கிடைத்தது. இப்போது அந்த இடைவெளி குறைந்துவிட்டது. கூகுள் பிக்சல் 8-லும் சாம்சங் எஸ் 24-லும் ஏழு ஆண்டுக்கு உறுதி கொடுத்திருக்கிறார்கள். விலை குறைந்த ஆண்ட்ராய்டுகளுக்கு இது பொருந்தாது. எத்தனை ஆண்டு என்று வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

சரி, திரும்பி வரும் வழி. மகன் வயசாகிவிட்டது என்றானே, அதை நான் ஏற்கவில்லை. ஆண்ட்ராய்டில் திரும்பும் கட்டளை இயங்குதளத்துக்கே சொந்தம். எந்தச் செயலியில் இருந்தாலும் ஒரே இடம், ஒரே தட்டு. ஐபோனில் அப்படி எங்கும் செல்லுபடியாகும் பொத்தான் தொடக்கத்திலிருந்தே கிடையாது. பெரும்பாலான செயலிகளில் திரையின் இடது ஓரத்திலிருந்து விரலை உள்ளே இழுத்தால் முந்தைய பக்கம் வரும். சிலவற்றில் இடது மேல் மூலையில் அம்பு இருக்கும். சிலவற்றில் பக்கத்தைக் கீழே தள்ள வேண்டும். செயலிக்குச் செயலி மாறுகிறது. கரண்டு போன ராத்திரியில் முகப்பிலிருந்து அடுப்படி வரைக்கும் விளக்கில்லாமல் போய்வருகிறவர் நீங்கள். எந்தப் படி எங்கே என்று கால் அறியும். ஆறு வருடம் உங்கள் விரல் அப்படித்தான் அறிந்து வைத்திருந்தது. இருபது வயதுப் பையனிடம் ஐபோனைப் பிடுங்கிக்கொண்டு ஆண்ட்ராய்டைக் கொடுத்தாலும் ஒரு வாரம் தடவுவான். நான் ஐபோனுக்கு மாறிய முதல் மாதம் திரையின் அடியிலேயே தட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது சிம்முக்கு வழி இருக்கிறது. சிங்கப்பூரிலும் இங்கேயும் விற்கும் பெரும்பாலான ஐபோன்களில் ஒரு சிம் அட்டைக்கு இடம், இன்னொன்று இசிம். அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் சிம் அது. பேங்க் நம்பரை அட்டையாகவே போட்டுக்கொண்டு, இன்னொரு நம்பரை இசிம்மாக மாற்றச் சொல்லுங்கள். சேவை நிறுவனத்தின் அலுவலகத்துக்கு நேரில் போய் மாற்றுங்கள். இசிம் மாற்றித் தருகிறேன் என்று யாராவது போனில் கூப்பிட்டு ஓடிபி கேட்டால் வைத்துவிடுங்கள். அப்படியே நம்பரைப் பறிக்கும் கூட்டம் இருக்கிறது.

தமிழைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. தொடக்க கால ஆண்ட்ராய்டு போன்களில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தது, அல்லது கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகச் சிதறிக் கிடந்தது. ஐபோனில் அப்போதே எழுத்து ஒழுங்காகத் தெரிந்தது. அதற்குப் பின்னால் மலேசியாவின் முத்து நெடுமாறன் இருக்கிறார். அவர் வடிவமைத்த தமிழ் எழுத்துருக்கள் ஆப்பிள் கருவிகளில் இருக்கின்றன, அவருடைய செல்லினம் செயலி 2005-லேயே கைப்பேசியில் தமிழை எழுத வைத்தது. உங்கள் ஐபோனில் ஒன்றுக்கு மேற்பட்ட தமிழ் விசைப்பலகைகள் இருக்கும். அஞ்சல் என்பது 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்துகளால் ஒலித்து எழுதும் முறை. தமிழ் 99-ல் எழுத்துகள் நேராகத் தமிழிலேயே இருக்கும். ஆங்கிலத்தின் வழியே போக வேண்டியதில்லை. உங்கள் போனில் கடைக்காரர் எதைப் போட்டிருக்கிறாரோ தெரியவில்லை. மற்றதைப் போட்டுப் பாருங்கள். கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டையும் ஐபோனில் ஏற்றலாம், அது உங்களுக்குப் பழகியதாக இருக்கும். போனின் மொழியையே தமிழாக வைக்கும் வசதி ஆண்ட்ராய்டில் பல வருடங்களாக இருக்கிறது. ஐபோனில் 2025-ல் வந்த ஐஓஎஸ் 18.4-ல்தான் வந்தது. இவ்வளவு தாமதமாக வந்ததில் எனக்கு வருத்தம் உண்டு. வந்த பிறகும் நாம் மாற்றாமல் ஆங்கிலத்திலேயே வைத்திருப்பதில் இன்னும் அதிகம். தமிழ்த்தாய்க்குக் கோயில் கட்டிய காரைக்குடியில் எத்தனை போன்கள் தமிழில் இருக்கின்றன? உங்களுடையதை மாற்றிவிடுங்கள். அமைப்புகளுக்குள் வழி தேடுவதே பாதி எளிதாகிவிடும்.

சார்ஜ் பற்றிக் கவலை வேண்டாம். புதிய போன் முதல் சில நாட்கள் படங்களை வகைப்படுத்துவது, அட்டவணை போடுவது என்று உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் வேகமாக இறங்கும். இப்போது சரியாகியிருக்க வேண்டும். லித்தியம் மின்கலம் எப்படியும் தேயும் பொருள்தான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்துக் காரைக்குடிக்குக் கொண்டுவந்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் இந்த வகை மின்கலங்களைத்தான் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டு, தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள். சூடுதான் அதற்கு எதிரி.

எது நல்லது என்று கேட்டீர்கள். ஒழுங்காகச் செய்த பொருள் ஐபோன். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உங்களுக்கு ஏற்றது, சுத்தமாக இருக்கும் ஒரு நடுத்தர விலை ஆண்ட்ராய்டு என்றுதான் நினைக்கிறேன். இரண்டு சிம் அட்டை, எங்கும் வேலை செய்யும் திரும்பும் தட்டு, கேபிளைச் சொருகினால் திறக்கும் கோப்புறை, இந்த மூன்றும் உங்கள் அன்றாடம். மற்றவர்கள் உயர்ந்தது என்று சொல்வது கேமராவையும் மதிப்பையும் வைத்து. உங்கள் கடிதத்தில் கேமராவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஆனாலும் உடனே மாற்ற வேண்டாம். உரையாடல்கள் வந்து சேர்ந்து, இரண்டு நம்பரும் ஒரே போனில் ஏறி, மொழியும் தமிழான பிறகு ஒரு மாதம் வைத்திருங்கள். அதற்கப்புறமும் கையில் எடுக்க மனம் வரவில்லை என்றால் மகனிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். அவன் விலையைச் சொல்லாமல் கொடுத்ததற்கு, நீங்கள் மனதில் இருப்பதைச் சொல்லாமல் இருப்பது ஈடாகாது. அவன் ஆத்தா குரல் பழைய போனில் இருப்பது அவனுக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் கிளம்புவதற்கு முன் அவனே உட்கார்ந்து மாற்றிக் கொடுத்திருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் தேவகோட்டைக்கு வருகிறேன். மடிக்கணினியும் இரண்டு பென் டிரைவும் கொண்டுவருகிறேன். பழைய போனின் சொந்தக் கேபிளைத் தேடி எடுத்து வையுங்கள். சில கேபிள்கள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், கோப்பைக் கடத்தாது. முந்தின ராத்திரியே போனை முழுதாகச் சார்ஜ் செய்துவிடுங்கள். நகலெடுத்து முடித்து, நாலைந்து கோப்புகள் ஓடுகின்றனவா என்று பார்த்துவிட்டு நான் கிளம்பிவிடுவேன். மற்றவற்றை நீங்கள் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். அந்தப் பிளஸ் ஒன் பிள்ளைக்குப் போன் கொடுப்பதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
தம்பி